மூன்று நிமிடச் சாட்சி

எங்கள் கிளினிக்கில் சத்தம் புகாத அறை ஒன்று இருக்கிறது. சுவரிலும் கதவிலும் கனமாகப் பஞ்சு அடைத்திருக்கும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். நான் சத்தம் அனுப்புவேன். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். காது எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பதும், தேவையானால் கருவி பொருத்துவதும் என் வேலை.

பக்கத்துத் தெருவில் புற்றுநோய் மருத்துவமனை. அங்கே நரம்பில் ஏற்றும் மருந்துகளில் ஒன்று காதைக் கெடுக்கும். முதலில் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் போகும். அப்புறம் பேச்சு கேட்கும், புரியாது. அதனால் ஒவ்வொரு முறை மருந்து ஏற்றுவதற்கு முன்பும் அவர்களை என்னிடம் அனுப்புவார்கள். தலையில் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். நான் அதிகம் பேசுவதில்லை.

என் மனைவியும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஏமாற்றுவாள். கேட்காத சத்தத்துக்கும் பொத்தானை அமுக்குவாள். எப்படி என்று கேட்டேன்.

"சத்தம் அனுப்பறப்பல்லாம் லேசா தோளத் தூக்கறீங்க. கட்டின புருஷன் தோள் கூடவா எனக்குத் தெரியாது?" என்றாள்.

அதன் பிறகு நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டேன். இப்போது உள்ளே இருப்பவரின் ஒரு பக்க முகம்தான் எனக்குத் தெரியும். என்னை யாரும் பார்ப்பதில்லை. அவள் இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாற்காலி அப்படியே இருக்கிறது.

வேன்காரக்கா எங்களிடம் வர ஆரம்பித்து நாலைந்து மாதம் இருக்கும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாற்பதைத் தாண்டியவர். கழுத்தில் கட்டி. ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், நான்கு முடிந்திருந்தது. முதல் நாளே அவர் விசுவாசி என்று தெரிந்துவிட்டது. வேதத்தில் இயேசு பன்றிகளுக்குள் துரத்திய பிசாசுக் கூட்டத்தின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைத்திருந்தார்.

"என் வண்டியில ஏர்றது பிள்ளைங்க இல்ல தம்பி. லேகியோன். பன்னிக் கூட்டத்துக்குள்ள அனுப்பிடலாம்னு பாத்தா, பன்னிங்க பாவம்."

நான் சிரித்திருக்க வேண்டும். காது மடலைத் துடைக்கப் பஞ்சு எடுத்தேன்.

நான்காவது முறைக்குப் பிறகு எடுத்த சோதனையில், காது கேட்கும் அளவைக் காட்டும் கோடு நன்றாகவே இறங்கியிருந்தது. கருவி போட்டே ஆக வேண்டும் என்றேன்.

"ஹாரன் கேக்குது. லேகியோன் கத்தறது கேக்குது. கேக்காட்டியும் நல்லதுதான். ஆனா இது ஒன்னு மட்டும் எனக்குத் தெளிவா கேக்கணும் தம்பி. வரவர கொழகொழன்னு கேக்குது. இதுக்குத் தகுந்த மாதிரி வெச்சுக் குடுங்க" என்று போனை எடுத்தார். திரையில் விரிசல். தொட்டார்.

என் மனைவி பேச ஆரம்பித்தாள்.

எங்கள் சபையின் வெள்ளைச் சுவர். மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்திருக்கிறாள். தலையில் மஞ்சள் துணி. 'கர்த்தர் என்னைச் சுகமாக்கினார். ஸ்கேன்ல ஒன்னுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. ஜெபிச்ச எல்லாருக்கும் நன்றி.' இப்படியே மூன்று நிமிடம் போகும். சபையில் எடுத்த சாட்சி வீடியோ அது. போனுக்குப் போன் பரவியது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு விரிசல் விட்ட திரையில் என் மேஜைக்கு வரும் என்று நினைக்கவில்லை.

"தினம் காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுவேன். இந்தத் தங்கச்சி பேச்சுதான் எனக்குப் பெட்ரோல். இந்த ஊர் சபைதான்னு சொன்னாங்க. உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியாதுக்கா" என்றேன்.

இயேசுவைத் தெரியுமா என்று பேதுருவை மூன்று தடவை கேட்டார்கள். தெரியாது என்று சொன்னான், சேவல் கூவியது. கேட்டவர்களில் ஒருத்தி வேலைக்காரப் பெண். அவனுக்காவது பயம் இருந்தது. சுற்றிலும் சேவகர்கள், முற்றத்தில் நெருப்பு, பிடித்தால் உதை. எனக்குப் பயம்கூட இல்லை. தெரியும் என்றால் அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. அவ்வளவுதான். சேவலும் கூவவில்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

வேன்காரக்கா குரலைத் தாழ்த்தினார். காது கேட்காதவர்கள் தாழ்த்தினாலும் வெளியே வரைக்கும் கேட்கும்.

"ஒன்னு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பாக்கி ரெண்டு ஊசிக்கு நான் போகப் போறதில்ல."

"ஏன்?"

"காது போச்சுன்னா லைசென்ஸ் போச்சு. லைசென்ஸ் போச்சுன்னா வண்டி போச்சு. எங்க வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கறவரு. மழை வந்தா அவருக்கு லீவு. பொண்ணு காலேஜ்ல கடைசி வருஷம். அதுவும் இல்லாம..." போனைத் தட்டினார். "இந்தத் தங்கச்சி ஒரு ஊசியும் போடல. முழுசா கேட்டுப் பாருங்க, ஊசின்னு ஒரு வார்த்தை வருதா? ஜெபம் மட்டும்தான். இவ்வளவு சின்னப் பொண்ணுக்கு இருக்கற விசுவாசம் எனக்கு இல்லாமப் போச்சேன்னு வெக்கமா இருக்கு."

"டாக்டர்கிட்ட பேசுங்கக்கா."

"பேசினா திட்டுவாரு. திட்டுனா பயந்துபோய் கைய நீட்டிடுவேன். அதான் பேசல."

அடுத்த மருந்து, வருகிற வாரம் வியாழக்கிழமை. கருவி பொருத்த செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். காதுக்குள் பசை போன்ற கலவையை விட்டு அச்சு எடுத்தேன். அது இறுகும் வரை தலையைச் சாய்த்து அசையாமல் இருந்தார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு காது அடைபட்டிருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி ஆறு தடவையும் மருந்து ஏற்றிக்கொண்டாள். ஒன்றைக்கூட விடவில்லை. அன்று சபையில் அதையும் சொன்னாள். பன்னிரண்டு நிமிடம் பேசினாள். சவுண்டு மேஜையில் நான்தான் இருந்தேன். நரம்பு கிடைக்காமல் கையைத் தடவித் தடவி அழுத நர்ஸைப் பற்றிச் சொன்னாள். வாந்தி வாளியைப் பற்றிச் சொன்னாள். "என் வீட்டுக்காரர் அத அலம்பி வெச்ச சுத்தத்துக்கு, நான் ரசமே வெச்சிருப்பேன்" என்றாள். சபை முழுக்கச் சிரித்தது. நான் குனிந்து வயரைச் சரி செய்வதுபோல் இருந்துவிட்டேன்.

முடிக்கும்போது, வேதத்தில் நெருப்புச் சூளையில் போடப்பட்டும் கருகாமல் வெளியே வந்த மூன்று வாலிபர்களைப் பற்றிப் பேசினாள். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர், அப்படித் தப்புவிக்காமல் போனாலும் உம்முடைய சிலையை வணங்க மாட்டோம் என்று ராஜாவுக்கு முன்னால் நின்று சொல்கிறார்களே, அந்த இடம். "எனக்கு அதுல அந்த ரெண்டாவது பாதிதான் பிடிக்கும். உள்ள போறதுக்கு முன்னாடியே சொல்லிட்டுப் போனாங்க பாருங்க. வெளிய வந்ததுக்கு அப்புறம் யாரு வேணா சொல்லலாம்" என்றாள். மைக்கைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் இப்ப வெளிய வந்துட்டுதான் சொல்றேன். அதனால இத நீங்க பெருசா எடுத்துக்க வேணாம்."

சபையின் வீடியோ வேலை பார்க்கிறவர்கள் அதை மூன்று நிமிடமாகச் சுருக்கினார்கள். அதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை என்றார்கள். நர்ஸ் போனாள். வாளி போனது. சூளையும் போனது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வெட்டியதை எங்களுக்குக் காட்டினார்கள். நன்றாக இருக்கிறது என்றேன். அப்போது அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் தாடையை வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாமே நன்றாக இருந்தது.

சனிக்கிழமை பாஸ்டரைப் பார்க்கப் போனேன். ஞாயிறு ஆராதனைக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். நானும் ஒரு அடுக்கைத் தூக்கிக்கொண்டேன்.

"அவ வீடியோவ எடுத்துடுங்க பாஸ்டர்."

"அடக்கம் முடிஞ்ச வாரமே எடுத்துட்டேன் தம்பி. உங்ககிட்ட சொல்ல வாய் வரல. ஆனா ஜனங்க போன்ல இருக்கறத நான் என்ன பண்றது? இன்னமும் எனக்கு போன் பண்ணிக் கேக்கறாங்க. அந்த சிஸ்டர் எப்படி இருக்காங்கன்னு."

"என்ன சொல்வீங்க?"

நாற்காலிக் கால் ஒன்று தரையில் கோணலாக நின்றது. அதைச் சரி செய்தார்.

"கர்த்தருடைய சமுகத்துல சமாதானமா இருக்காங்கன்னு சொல்வேன். சில பேர் புரிஞ்சுக்கிட்டு அழுவாங்க. சில பேர் ஸ்தோத்திரம் பாஸ்டர்னு சந்தோஷமா வெச்சிடுவாங்க."

"அது பொய்யில்லையா?"

"பொய்யில்ல தம்பி." என்னைப் பார்க்காமல் சொன்னார். "பொய்யில்லங்கறதுதான் என்னைத் தூங்க விடல."

அவர்மேல் கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வரவில்லை. மீதி நாற்காலிகளையும் போட்டுவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் லாசரு ஞாபகம். நான்கு நாள் கல்லறையில் இருந்து எழுந்து வந்தவன். அவனும் பிறகு ஒரு நாள் செத்திருப்பான். இரண்டாவது சாவைப் பற்றி வேதத்தில் ஒரு வரி இல்லை. யார் குளிப்பாட்டினார்கள்? அவன் சகோதரி மார்த்தாள் மறுபடியும் துணி எடுத்து வைத்தாளா? முதல் தடவை ஆண்டவரைப் பார்த்து, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்கமாட்டான் என்று முகத்துக்கு நேரே சொன்னாள். சொல்வதற்கு ஆள் இருந்தார். கூட நின்று அழவும் செய்தார். இரண்டாம் தடவை அவள் யாரிடம் சொல்லியிருப்பாள்? லாசருவைப் பார்த்து விசுவாசித்தவர்கள் நிறையப் பேர் என்று எழுதியிருக்கிறது. அவர்களுக்குச் செய்தி போனபோது என்ன செய்தார்கள்? எழுதாமல் விட்டுவிட்டார்கள். அவர்களுக்கும் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்ததோ என்னவோ.

என்னிடம் இரண்டு செய்திகள் இருந்தன. என் மனைவி ஆறு தடவையும் மருந்து ஏற்றிக்கொண்டாள். இதைச் சொன்னால் வேன்காரக்கா வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவார். அப்படியும் செத்துப்போனாள். இதைச் சொன்னால் போகமாட்டார். ஜெபமும் ஊசியும் இரண்டுமே கைவிட்ட ஒருத்தியின் கதையைக் கேட்டுவிட்டு யார் கையை நீட்டுவார்கள்?

முதலாவதை மட்டும் சொன்னால் போதும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். 'விசாரிச்சேன்க்கா. ஆறு ஊசியும் போட்டிருக்காங்க. இப்ப நல்லா இருக்காங்க.' திக்காமல் வந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் அப்பாவிடம் பேசப் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு சரளமாக வரவில்லை. அப்படியே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு உயிர் பிழைக்கும். என் மனைவி கோபித்துக்கொள்ளமாட்டாள். இதில் இரண்டாவது எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

செவ்வாய்க்கிழமை வேன்காரக்கா வீட்டுக்காரரோடு வந்தார். அவர் வாசலிலேயே நின்றார். சட்டையில் பச்சைப் பெயின்ட்.

"சார், அவளுக்கு ரொம்ப நல்லா கேக்கற மாதிரி வெச்சிடாதீங்க. கொஞ்சம் இடம் விட்டு வைங்க. வீட்ல நானும் வாழணும்" என்றார். வேனை நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று திரும்பிப் போனார்.

கருவியை இரண்டு காதிலும் பொருத்தினேன். அச்சு சரியாக உட்கார்ந்தது. பிறகு அறைக்குள் உட்கார வைத்தேன். கருவி போட்ட பிறகு ஹெட்போன் கிடையாது. இந்தப் பக்கம் மைக்கில் நான் சொல்வது உள்ளே மூலையில் இருக்கும் ஸ்பீக்கரில் வரும். வார்த்தையோ வாக்கியமோ, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் பேசுவது என் மேஜை ஸ்பீக்கரில் கேட்கும்.

"வீடு."

"வீடு."

"கதவு."

"கதவு."

"பூனை சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது."

"பூனை சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதுக்கென்ன, வேலை வெட்டி இல்லையா?"

"கேட்டத மட்டும் சொல்லுங்கக்கா. நாளை கடை திறக்காது."

"நாளை கடை திறக்காது." பக்கவாட்டு முகத்தில் சிரிப்பு தெரிந்தது. "தம்பி, கண்ணாடி துடைச்ச மாதிரி இருக்கு. ஒரு நிமிஷம், தங்கச்சிய போட்டுப் பாக்கறேன்."

நான் ஒன்றும் சொல்வதற்கு முன் போனை எடுத்துவிட்டார். அவள் உட்கார்ந்த அறையிலிருந்து, அவள் குரல், என் மேஜைக்கு வந்தது. கை, சத்தத்தைக் குறைக்கும் குமிழை நோக்கிப் போனது. அங்கேயே நின்றது.

மூன்று நிமிடம் ஓடி முடிந்தது.

"இந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு ஜலதோஷம் போல தம்பி. மூக்கால பேசறா. இத்தனை நாள் எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

ஆமாம். அன்று அவளுக்கு ஜலதோஷம். முந்தின நாள் மழையில் நனைந்துவிட்டு வந்தாள். வீட்டில் அதற்காகச் சண்டை. உலகத்தில் அது என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று இருந்தேன்.

"சரி, அடுத்தது சொல்லுங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கண்ணாடி முன் பழகிய வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. மைக் பொத்தானை அமுக்கினேன்.

"அந்த வீடியோவில் பேசுவது என் மனைவி."

"அந்த வீடியோவில் பேசுவது என் மனைவி" என்றார் வேன்காரக்கா.

சாதாரணமாகப் பேசுவதுபோல் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். பாடப்புத்தகம் வாசிப்பதுபோலத்தான் என்னால் சொல்ல முடிந்தது. பூனையைச் சொன்ன அதே குரல். கடையைச் சொன்ன அதே குரல். நிறுத்த முடியவில்லை.

"அவள் ஆறு தடவையும் மருந்து ஏற்றிக்கொண்டாள்."

"அவள் ஆறு தடவையும்..." கொஞ்சம் தாமதித்தார். "மருந்து ஏற்றிக்கொண்டாள்."

"போன வருஷம் இறந்துவிட்டாள்."

"போன வருஷம்," என்று ஆரம்பித்தார்.

மீதியைச் சொல்லவில்லை. முகம் மெதுவாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பியது. நான் பொத்தானிலிருந்து கையை எடுத்திருக்கவில்லை. என் மூச்சு அவருக்கு உள்ளே கேட்டிருக்கும்.

அந்தக் கதவு கனமானது. அவரால் தள்ள முடியவில்லை. நான் போய்த் திறந்தேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"போன வாரம் கேட்டேனே. தெரியாதுன்னு சொன்னீங்களே."

"ஆமாக்கா."

"ஏன் தம்பி?"

"தெரியல."

நின்றபடியே அழ ஆரம்பித்தார். தலைத் துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "ஐயோ என் தங்கச்சி. சின்னப் பொண்ணாச்சே. நேத்துகூட பாத்தேனே, நேத்துகூட பேசினாளே." முன்மேஜையில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

இப்படி ஒருவர் அழுது நான் பார்த்ததில்லை. அவள் இறந்த அன்று அறை நிறைய ஆட்கள். எல்லோருக்கும் மாதக் கணக்கில் தெரிந்தே நடந்தது. அழுது முடித்துவிட்டுத்தான் அழுதார்கள். நான் யாருக்கும் செய்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவருக்குத்தான் முதலில் சொன்னேன். இவருக்கு அவள் இந்த நிமிடம் செத்திருக்கிறாள்.

டிஷ்யூ பெட்டியை நீட்டிக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை. முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு ஊசியுமா?" என்றார்.

"ஆறு ஊசியும்."

"வாய் புண்ணாச்சா?"

"மூணாவதுல இருந்து."

"என்ன சாப்பிட்டா?"

"ஐஸ் கட்டி. தர்பூசணி."

"எனக்கும் தர்பூசணிதான் எறங்குது. இவர் வாங்கி வாங்கி வீடே வயல் மாதிரி இருக்கு." மறுபடி அழுதார். "காலு எரிஞ்சுதா அவளுக்கு? பாதத்துல, ஊசி குத்தற மாதிரி?"

"எரிஞ்சுது. ஈரத் துணி போடுவேன். அப்புறம் சாக்ஸ்."

"சாக்ஸா? அத யாரும் சொல்லல எனக்கு."

ஒவ்வொன்றாகக் கேட்டார். நானும் சொன்னேன். எந்த விரலில் நகம் கறுத்தது, எந்த வாசனை ஆகாது, எத்தனை நாள் கழித்துப் பசி திரும்பும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு வருஷமாக யாரும் கேட்காததால் தெரியும் என்பதே மறந்திருந்தது.

"ஆறும் முடிஞ்சப்புறம் எவ்வளவு நாள் நல்லா இருந்தா?"

"ஒரு வருஷத்துக்கு மேல. வேலைக்குப் போனா. முடி வளந்துச்சு, சுருட்டையா. என்கூட சண்டை போட்டா. அவ தம்பி கல்யாணத்துல ஓடியாடி வேலை செஞ்சா."

"ஒரு வருஷம்." விரலால் முழங்காலில் எதையோ எழுதினார். "ஒரு வருஷம்னா என் பொண்ணு படிச்சு முடிச்சிடுவா. எசேக்கியா ராஜா சாகக் கெடந்தப்ப சுவத்துப் பக்கம் திரும்பி அழுதாருன்னு ஆண்டவர் பதினஞ்சு வருஷம் ஆயுசு குடுத்தாரு. நமக்கெல்லாம் அந்த ரேட்டு கெடையாது போல தம்பி."

"கெடையாது போலக்கா."

சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முகத்தில் ஏதோ இழுத்துப் பிடித்தது.

"கடைசில ஆண்டவர் மேல கோவமா இருந்தாளா? மறைக்காம சொல்லுங்க."

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு வருஷமாக ஒளிந்துகொண்டிருந்தேன்.

"ஒரு நாள் வேதத்துல சங்கீதம் எண்பத்தெட்டு வாசிக்கச் சொன்னா. மத்த சங்கீதமெல்லாம் எவ்வளவு அழுதாலும் முடியறப்ப துதியில முடியும். அது மட்டும் இருட்டுல முடியும். ராத்திரியும் பகலும் கூப்பிட்டேன், ஏன் முகத்த மறைக்கறீங்கன்னு கேட்டுட்டு, அப்படியே நின்னுடும். வாசிச்சு முடிச்சேன். எனக்கே தாங்கல. அடுத்த சங்கீதத்துக்குப் போனேன், அது பாடுவேன்னு ஆரம்பிக்கும். வேணாம், அங்கயே நிறுத்துங்கன்னு சொன்னா. இதையும் அவர் புஸ்தகத்துல விட்டு வெச்சிருக்காரே, அதுக்கு மேல இன்னிக்கு எனக்கு வேணாம்னா. அப்புறம் அதிகம் பேசல. அது கோவமா விசுவாசமா, எனக்கு இன்னிவரைக்கும் தெரியலக்கா."

வேன்காரக்கா யோசித்தார். "நான் அந்தச் சங்கீதம் படிச்சதே இல்ல. இருபத்தி மூணு, தொண்ணூத்தி ஒன்னு, மறுபடி இருபத்தி மூணு. அப்படியே ஓட்டிட்டேன். பெருசா அது?"

"சின்னதுதான்."

"வெட்டாத வீடியோ வெச்சிருக்கீங்களா?"

"இருக்கு. அனுப்பட்டுமா?"

"இப்ப வேணாம். ரெண்டு ஊசியும் முடியட்டும்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது போலிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பயமாத்தான் இருக்கு தம்பி. இத்தனை நாள் பயமில்லாம இருந்தேன். அதக் கெடுத்துட்டீங்க."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

கதவைத் தட்டிவிட்டு அவர் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "ரெண்டு தெரு தள்ளிப் போட்டிருக்கேன். என்ன, இப்ப மெதுவா திட்டினா கேக்குமா?"

"நீங்க மனசுல திட்டினாலே கேக்கும்."

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "அழுதியா?"

"தங்கச்சி பேச்சு தெளிவா கேட்டுச்சு. அதான்." எழுந்து பையை மாட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை சீக்கிரம் கிளம்பணும். அந்தத் தங்கச்சியும் ஆறு போட்டிருக்காளாம். நம்ம தம்பிக்குத் தெரிஞ்சவங்களாம்."

அவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். மனைவி மருந்தை விடப்போகிறாள் என்பது அவருக்கும் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. பெயின்ட் காய்ந்த விரல்களால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தப் பொண்ண உங்களுக்குத் தெரியுமா? எங்க வீட்ல தினம் சாயங்காலம் ஜெபம் உண்டு. எங்கம்மா அவளுக்குன்னு தனியா ஜெபம் பண்ணுவாங்க. பேரு தெரியாது. வீடியோப் பிள்ளைன்னுதான் சொல்வாங்க, ஆண்டவருக்குப் புரியுமாம். என் மருமகளுக்கு வழிகாட்டின பிள்ளை, அதுக்கு மறுபடி வந்துடக் கூடாது, நல்லா வெச்சுக்கோங்கன்னு. ஒரு நாளும் விட்டதில்ல. எப்படி இருக்கா சார் அவ?"

என் கை அவர் கைக்குள் இருந்தது. அவர் தோளுக்குப் பின்னால் வேன்காரக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று தலையை அசைக்கவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. பிறகு அவரே, "அவர விடுங்க, வெளிய ஆளுங்க காத்திருக்காங்க. வண்டியில பேசிக்கலாம்" என்று வீட்டுக்காரரைத் தள்ளிக்கொண்டு போனார். வாசல் வரை போனவர் ஒரு நிமிடம் தனியாகத் திரும்பி வந்தார்.

"வீட்ல நான் இப்ப சொல்லல தம்பி. அத்தை தாங்கமாட்டாங்க. சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லிக்கறேன்." பை வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அதுவரைக்கும் அவங்க ஜெபம் பண்ணட்டுமா? உங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?"

"பண்ணட்டும்" என்றேன்.

அன்று கடைசி ஆளை அனுப்பிவிட்டு வெளியே வரும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. காரில் ஏறிச் சாவியைப் போட்டேன். ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது. எந்தத் தெரு என்று எனக்குத் தெரியாத ஒரு வீட்டில் இந்நேரம் ஜெபத்துக்குப் பாய் விரித்திருப்பார்கள். நான் பார்த்திராத ஒரு பெரியம்மா, என் மனைவியை நல்லபடியாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அவளுக்கு நோய் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் அவள் முடி வளர்ந்துகொண்டிருக்கிறது.

ரேடியோவை நிறுத்தினேன். அவர்கள் ஜெபம் முடிந்திருக்கும் என்று தோன்றுகிற வரைக்கும் வண்டியை எடுக்கவில்லை.